துவர்ப்பின் விலை: ஊவாத் தேநீரும் லயத்து ரொட்டியும்

மேற்கத்தேய உணவகங்களில் எந்த வைனுக்கு எந்த உணவு சோடி என்று பார்ப்பது ஒரு பழைய கலை. சிவப்பு வைனுக்கு மாட்டிறைச்சி, வெள்ளை வைனுக்கு மீன் என்று அதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிகளும் உண்டு. இலங்கையின் சுற்றுலாத் துறை இப்போது அதே கலையைத் தேநீருக்குப் பயன்படுத்துகிறது. அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல பகுதிகளில் பழைய துரை பங்களாக்கள் விடுதிகளாக மாறியிருக்கின்றன. அங்கே வரும் வெளிநாட்டவருக்கு ஊவாத் தேநீரோடு எந்தச் சீஸ், எந்தச் சொக்லேட், எந்த இறைச்சி பொருந்தும் என்று விளக்கிப் பரிமாறுகிறார்கள். 2024இல் 20 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் இந்நாட்டுக்கு வந்தார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும் லிப்டன் சீட்டையும் பார்க்க மலையேறும் கூட்டம் குறையவில்லை.

இதில் தவறு ஒன்றும் இல்லை. நல்ல தேநீரை நல்ல உணவோடு ரசிப்பது குற்றமல்ல. ஆனால் அதே தேயிலை மலையில், அந்தக் கொழுந்தைப் பறிக்கிறவர்களின் வீட்டில், தேநீருக்கு வேறொரு சோடி இருக்கிறது. அது கோதுமை மா ரொட்டி. அந்தச் சோடியை யாரும் ருசி பார்த்துத் தெரிவு செய்யவில்லை. சம்பளமும் வரலாறும் வேலை நேரமும் சேர்ந்து தெரிவு செய்தன. சம்பள உயர்வைப் பற்றிப் பேசும் இந்த நாட்களில், அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

காற்று கொடுக்கும் ருசி

ஊவாத் தேயிலைக்கு ஏன் இந்த மதிப்பு என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஜூன் மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளை மாவட்டத்தின் தேயிலை மலைகளில் அந்த வறண்ட காற்று வீசுகிறது. தண்ணீர் குறையும்போது செடி மெதுவாக வளர்கிறது. இலையில் வாசனைப் பொருட்கள் செறிகின்றன. அவற்றில் ஒன்று மெதைல் சலிசிலேற். நோவெண்ணெய்ப் போத்தலைத் திறந்தால் வருகிற அந்தக் குளிர்ந்த வாசம்தான் அது. ஊவாப் பருவத் தேநீரை வேறு எந்தத் தேநீரிலிருந்தும் பிரித்துக் காட்டுவது இதுவே. ஜப்பானில் டார்ஜிலிங், சீனத்துக் கீமன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் மூன்று பெரும் கறுப்புத் தேயிலைகள் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது.

வைனைப் பற்றிப் பேசுகிறவர்களும் இப்படித்தான் பேசுவார்கள்: மண், காற்று, உயரம், அந்த ஆண்டின் மழை. தேயிலையைச் சுவை பார்க்கும் முறையும் வைனுக்குரியதைப் போன்றதுதான். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம். பிறகு கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிடுவார்கள். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது அந்த நாக்குகள்.

கடந்த ஆண்டுகளில் செய்தி சேகரிப்பதற்காக இப்படியான விருந்துபசார நிகழ்வுகள் சிலவற்றில் இருந்திருக்கிறேன். பரிமாறுகிறவர்களில் அநேகர் தோட்டத்துப் பிள்ளைகள். அழகாகப் பேசுகிறார்கள். கடும் சாயத்துக்குக் கொழுப்புள்ள உணவு பொருந்தும் என்று அவர்கள் சொல்வது வெறும் விளம்பரம் அல்ல. அதற்குப் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது. சிவப்பு வைனின் தனினும் கறுப்புத் தேநீரின் பொலிபீனோல்களும் ஒரே இயல்பு கொண்டவை. அவை வாயிலுள்ள உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன. வாய் உலர்ந்து இழுப்பது போல இருக்கிறதே, அதைத்தான் நாம் துவர்ப்பு என்கிறோம். சீஸ், இறைச்சி, பால் போன்ற கொழுப்பும் புரதமும் உள்ள உணவு கூட வந்தால் அந்தத் துவர்ப்புப் பொருட்கள் அவற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும், துவர்ப்பு தணியும், நாக்கு துடைத்தது போலச் சுத்தமாகும். அடுத்த வாய் உணவு மீண்டும் புதிதாக ருசிக்கும். வைன் கலையின் அடிப்படையே இதுதான்.

ஆனால் அந்தத் துவர்ப்பு புரதத்தோடு மட்டும் ஒட்டுவதில்லை. இரும்போடும் ஒட்டும்.

மற்றச் சோடி

விடியற்காலையில் லயத்து அடுப்பில் ரொட்டி வேகிறது. கோதுமை மா, உப்பு, வசதியிருந்தால் கொஞ்சம் தேங்காய்ப்பூ. தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல். வீட்டில் இரண்டு ரொட்டி, கொழுந்து மலைக்குக் கட்டிக்கொண்டு போக இரண்டு. கூடவே போத்தலில் பிளேன்டீ. பால்மா வாங்குவது குழந்தை இருக்கும் வீட்டில்தான். அதுவும் மாத நடுவில் முடிந்துவிடும். கறி என்றால் பருப்பு, கிழங்கு, சில நாட்களில் நெத்தலிக் கருவாடு. முட்டையும் இறைச்சியும் சம்பள நாளைச் சுற்றியே வரும்.

குடிக்கிற தூளும் ஏலத்தில் பேசப்படும் அந்தப் பருவத் தேயிலை அல்ல. தோட்டம் கொடுப்பதோ கடையில் கிடைப்பதோ கடும் சாயம் இறங்குகிற மலிவான தூள். பசியை மறக்கச் சாயம் கடுமையாக வேண்டும், சீனி அதிகமாக வேண்டும்.

இந்தச் சோடியில் நடப்பது என்ன? ரொட்டியிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பு, உடல் எளிதில் உறிஞ்சாத வகை. உணவோடு சேர்த்துக் கடும் தேநீர் குடித்தால் அதன் பொலிபீனோல்கள் குடலில் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. உடலுக்குள் போக வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் இப்படித் தடைப்படலாம் என்பதை 1970களிலிருந்து வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதிக்கு இந்தத் தடை அவ்வளவாக இல்லை. ஆகவே சீஸும் இறைச்சியும் தின்று ஊவாத் தேநீர் குடிக்கிற விருந்தாளிக்குப் பெரிய இழப்பு இல்லை. ரொட்டி தின்று அதே தேநீரைக் குடிக்கிற கர்ப்பிணித் தாய்க்குத்தான் இழப்பு. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து வில்லையை அவள் தேத்தண்ணியோடு விழுங்கினால் அதன் பயனும் குறைந்துவிடுகிறது.

தேநீரை மட்டும் குற்றவாளியாக்க நான் வரவில்லை. இந்த நாட்டில் எல்லோரும்தான் தேத்தண்ணி குடிக்கிறார்கள். தட்டில் மீனும் முட்டையும் கீரையும் பழமும் இருக்கிற வீட்டில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. தட்டில் ரொட்டி மட்டுமே இருக்கிற வீட்டில், இருக்கிற கொஞ்சத்தையும் தேத்தண்ணி எடுத்துக்கொள்கிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர். இது ஒரு வேளைப் பட்டினியின் கணக்கல்ல. தாயின் வயிற்றிலிருந்தே தொடங்கும் நீண்ட காலக் குறையின் கணக்கு. அதற்குப் பின் வந்த 2021இன் உரத் தடையும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் இந்தத் தட்டை மேலும் சுருக்கின. கோதுமை மாவின் விலை பல மடங்கு உயர்ந்தபோது, ரொட்டியின் எண்ணிக்கையைக் குறைத்த வீடுகள் ஏராளம். தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கும் திரிபோஷவும் அந்தக் காலத்தில் ஒழுங்காக வரவில்லை.

ரொட்டி எப்படி வந்தது

"தோட்டத்து ஆட்களுக்கு ரொட்டிதான் பிடிக்கும், அது அவர்களுடைய பழக்கம்" என்று அதிகாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை.

தமிழ்நாட்டின் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் சோறும் கம்பும் கேழ்வரகும் தின்றவர்கள். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்தின் தொடக்கத்திலும் தோட்டமே அரிசி கொடுத்தது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இறக்குமதியான அரிசி. அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. என்ன அரிசி, எவ்வளவு, என்ன விலை என்பதெல்லாம் துரையின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த அரிசி நின்றது. அந்த இடத்துக்குக் கோதுமை மா வந்தது.

பிறகு 1973, 1974. உலக உணவு விலையேற்றமும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் சேர்ந்தபோது அரசாங்கம் பங்கீட்டை வெட்டியது. கிராமத்தவருக்கு வயல் இருந்தது, வீட்டுத் தோட்டம் இருந்தது, மரவள்ளி நட ஒரு துண்டு நிலம் இருந்தது. தோட்டத்து மக்களுக்கு லயத்தின் வாசல் மட்டும் இருந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதால் கேட்பதற்கு வாக்கும் இல்லை. மலையகத்தில் மனிதர்கள் பசியால் செத்தார்கள். தோட்டப்புற மரண வீதம் அந்த ஆண்டுகளில் கூர்மையாக ஏறியது. ரொட்டி நிரந்தரமான உணவானது இத்தனைக்கும் பிறகுதான். மலிவு, வயிறு நிறையும், காலையில் விரைவாகச் செய்யலாம், சாக்கில் சுற்றி மலைக்குக் கொண்டு போகலாம். வேலைக்கு ஏற்ற உணவு அது. உடலுக்கு ஏற்றதா என்று யாரும் கேட்கவில்லை.

வன்னியில் கண்ட தட்டு

இந்தத் தளத்தைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் வடக்கிலும் கிழக்கிலும் போரை அனுபவித்தவர்கள். பதுளை மாவட்டம் என்றதும் உங்களுக்கு இரண்டு ஒக்டோபர் மாதங்கள் நினைவுக்கு வரலாம். 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பிணங்கள் இருந்தால் செய்தி வரும். தட்டில் இருக்கும் குறைக்கு ஒரு நாளும் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை.

ஆனால் அந்தத் தட்டை உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்தபோதும், 2009இல் மெனிக் பாம் முகாமிலும் வரிசையில் நின்று வாங்கிய உலருணவை நினைத்துப் பாருங்கள்: அரிசி அல்லது கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். பசி தீரும், ஆனால் என்ன சமைப்பது என்பது உங்கள் கையில் இல்லை. மீன் தின்று வளர்ந்த முல்லைத்தீவுப் பிள்ளைக்கும், வீட்டு முற்றத்து முருங்கையிலும் கோழி முட்டையிலும் வளர்ந்த கிளிநொச்சிப் பிள்ளைக்கும் ஒரே பொதி. அந்த மாதங்களில் நாம் இழந்தவற்றில் ஒன்று, எதை எதோடு தின்பது என்று தீர்மானிக்கும் சின்ன உரிமை. வீடு திரும்பியதும் பலர் முதலில் செய்தது ஒரு முருங்கைக் கம்பை நட்டதும் இரண்டு கோழி வாங்கியதும்தான்.

மலையகத் தோட்டத்தில் அந்த உலருணவுப் பொதி போர் இல்லாத காலத்திலும் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. முகாமுக்கு ஒரு முடிவு நாள் இருந்தது, லயத்துக்கு இல்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1977, 1981, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் இரண்டு தட்டுகளையும் தின்றவை. அவர்களில் பலர் முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அயலவர்கள். ஆகவே இது "அவர்களுடைய" பிரச்சினை அல்ல.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைகளைச் சரித்தபோது, வடக்கிலிருந்து உதவிப் பொருட்கள் சேர்த்து அனுப்பியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அனுப்புகிறவர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள்: அடுத்த முறை மாவும் சீனியும் தேத்தூளும் மட்டும் வேண்டாம். நெத்தலி, டின்மீன், கடலை, கௌபி, பயறு ஆகியவற்றையும் பொதியில் சேருங்கள்.

ஒரு மணி நேரம் யாருடையது?

சுகாதாரத் துறையின் அறிவுரை எளிமையானது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரும்பு வில்லையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை, தேசிக்காய், நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்றைச் சேருங்கள், அவற்றிலுள்ள விற்றமின் சி இரும்பை உடலில் சேர்க்க உதவும். வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரையைச் சேருங்கள். எல்லாமே சரியான அறிவுரை. வாசிக்கிறவர்களில் இரத்தச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இன்றே கடைப்பிடிக்கலாம்.

கொழுந்து பறிக்கும் பெண்ணால் அதைக் கடைப்பிடிக்க முடியுமா? அவளுடைய நாள் விடியலுக்கு முன் அடுப்படியில் தொடங்குகிறது. காலையில் மலைக்குப் போய்விட வேண்டும். காலைத் தேத்தண்ணி நேரம் என்று ஒரு சின்ன இடைவெளி; மத்தியானம் ஒரு இடைவெளி. ரொட்டியைத் தின்பதும் அந்த நேரத்தில்தான், போத்தலைத் திறப்பதும் அந்த நேரத்தில்தான். ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிக்கிறேன் என்று கூடையை இறக்கி வைக்க அவளால் முடியாது. குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு முழுப் பேர் இல்லை, அரைப் பேர்தான். பங்களாவில் விருந்தாளிக்குத் தேநீர் ஊறும் நிமிடங்களை மணல் கடிகாரம் வைத்து எண்ணுகிறார்கள். மலையில் நேரத்தை எண்ணுகிறவர் வேறொருவர்.

எலுமிச்சையும் கீரையும் வேண்டுமென்றால் நிலம் வேண்டும். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி கலந்துகொண்ட நிகழ்வில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பயனாளிகளுக்கு உரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. நல்ல தொடக்கம். 10 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 2700 சதுர அடி. வீடு போக மிஞ்சும் இடத்தில் ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, நான்கு பாத்திக் கீரை, ஒரு கோழிக்கூடு தாராளமாக வரும். பதுளை, பசறை போன்ற வெப்பமான தாழ்ந்த பகுதிகளில் முருங்கையும் வரும். நிலவுரிமையை வீட்டுப் பிரச்சினையாக மட்டும் பேசுகிறோம். அது தட்டின் பிரச்சினையும் கூட. தன் நிலத்தில் எதையாவது நட்டவர் எதைத் தின்பது என்று தீர்மானிக்கத் தொடங்குகிறார்.

இரண்டாயிரம் கோப்பை

இனிச் சம்பளம். 2021 மார்ச்சில் 1000 ரூபாய். 2024 மே மாதம் 1700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயானது. 2025 நவம்பர் 7இல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாய் சேர்த்து, 1750 ரூபாய் என்று அறிவித்தார்கள்.

இதை ஒரு கோப்பைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு பெண் ஒரு நாளில் 20 கிலோ கொழுந்து எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை வரும். ஆகவே 20 கிலோவுக்கு 4 கிலோவுக்கும் சற்று அதிகம். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் ஒரு நாளில் அவள் பறித்தது 2000 கோப்பைக்கு மேல். 1750 ரூபாயும் முழுமையாகக் கையில் கிடைத்தாலும் ஒரு கோப்பைக்கு அவளுக்குச் சேர்வது ஒரு ரூபாய்கூட இல்லை. பங்களாவில் ஒருவருக்குப் பரிமாறும் ஒரு தேநீர் விருந்தின் கட்டணம் பெரும்பாலும் அவளுடைய ஒரு நாள் சம்பளத்தை மிஞ்சும்.

கம்பனிகள் சொல்வதையும் கேட்க வேண்டும். உற்பத்திச் செலவில் பெரும்பங்கு சம்பளமே என்கிறார்கள். கென்யாவிலும் இந்தியாவிலும் ஒரு தொழிலாளி இதைவிட அதிகம் பறிக்கிறார் என்கிறார்கள். ஏல விலை தங்கள் கையில் இல்லை என்கிறார்கள். இவற்றில் உண்மை உண்டு. மொத்தமாக ஏலத்தில் விற்கும் தேயிலைக்கு இலாபம் குறைவுதான். ஆனால் பெயரோடு, கதையோடு, உணவோடு சோடி சேர்த்து விற்கும் தேயிலையின் கணக்கு வேறு. அங்கே விற்பது தூள் அல்ல, ஊவா என்ற பெயர். அந்தப் பெயரின் வருமானம் சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதே இல்லை. பங்களாவின் வருமானம் ஒரு கணக்கு, மலையின் செலவு இன்னொரு கணக்கு.

வைனிடமிருந்து கற்க வேண்டியது

வைன் உலகத்தின் மொழியைக் கடன் வாங்குகிறவர்கள் அதன் வரலாற்றையும் கொஞ்சம் வாங்கட்டும். பிரான்ஸின் ஷம்பெய்ன் பிரதேசத்தில் 1911இல் திராட்சைத் தோட்டக்காரர்கள் கலவரம் செய்தார்கள். வியாபாரிகள் வெளியூர் மலிவுத் திராட்சையைக் கொண்டு வந்து ஷம்பெய்ன் என்ற பெயரில் விற்றார்கள் என்பதே குற்றச்சாட்டு. வியாபாரிகளின் களஞ்சியங்கள் உடைக்கப்பட்டன, வைன் தெருவில் ஓடியது, இராணுவம் வந்தது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 1927இல் சட்டம் எல்லையை உறுதி செய்தது. அந்தப் பெயர் விளைவித்தவர்கள் போராடிப் பெற்ற சொத்து. இன்றும் அங்கே திராட்சை நிலத்தின் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் கையில்தான் இருக்கிறது.

பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் அதே இடம் சாட்சி. 2023 அறுவடையில் மேற்கு ஆபிரிக்கத் தொழிலாளர்களை அடிமைகள் போல நடத்தியதற்காக 2025 ஜூலையில் அங்கே ஒரு நீதிமன்றம் மூவரை ஆட்கடத்தல் குற்றவாளிகளாகத் தீர்த்தது. சுரண்டிப் பறித்த திராட்சைக்கு ஷம்பெய்ன் என்ற பெயரே கொடுக்கக்கூடாது என்று தொழிற்சங்கம் கேட்டது. நம்முடைய அயலில் டார்ஜிலிங் தேயிலை இருக்கிறது. 2004இல் இந்தியாவின் முதலாவது புவிசார் குறியீட்டைப் பெற்றது அது. ஆனால் 2023இல் மேற்கு வங்கத் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி இந்திய ரூபாயில் 250. நிலம் தொழிலாளியிடம் இல்லாத இடத்தில், பெயருக்குக் கிடைக்கும் மதிப்பு கூடைக்கு இறங்குவதில்லை.

ஆகவே ஊவாவின் பெயரைப் பாதுகாப்பதும் உலகுக்கு விற்பதும் நல்லதுதான். அதோடு சில நிபந்தனைகளும் வர வேண்டும். முதலாவது, தோட்டத்தின் பெயரில் நடக்கும் விடுதி, தேநீர் விருந்து, சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு அதே தோட்டத்துத் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி போக வேண்டும். சம்பளப் பேச்சில் அந்தக் கணக்கும் மேசைக்கு வர வேண்டும். இரண்டாவது, பிள்ளை மடுவத்திலும் தோட்டப் பாடசாலையிலும் முட்டையும் மீனும் கீரையும் உள்ள ஒரு வேளை உணவு தடையில்லாமல் கிடைக்க வேண்டும். மூன்றாவது, மத்தியான இடைவேளை உணவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். தேத்தண்ணிக்கு அதிலிருந்து விலகிய ஒரு தனி நேரம் வேண்டும். கம்பனிக்கு இதனால் பெரிய செலவு ஏதும் இல்லை. நான்காவது, வீடோடு சேர்ந்த நிலத்தில் பயிரிடும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும்.

தொழிற்சங்கங்கள் இவற்றில் முதலாவதைப் பற்றிக்கூட இன்னும் உரத்துப் பேசவில்லை. 200 ரூபாய் கூடியதா, 400 கூடியதா என்பதிலேயே ஒவ்வொரு முறையும் பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த சம்பளப் பேச்சு தொடங்கும்போது, ஊவா என்ற பெயர் ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது, அதில் மலைக்கு எவ்வளவு வருகிறது என்ற கேள்வியை முதலில் வையுங்கள். கம்பனி கணக்குக் காட்டட்டும். ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முட்டை வைக்க அதில் இடம் இருக்கிறதா என்று பிறகு எல்லோருமாகப் பார்ப்போம்.